முன்வாசல் எனக்கு, பின்வாசல் அவளுக்கு

நேத்து சாயங்காலம் நொச்சிகுளத்துல பூட்டிக் கெடக்கற வீட்டையெல்லாம் செல்லுல படம் புடிச்சிக்கிட்டு நின்னது நீங்கதான தம்பி? நெனச்சேன். அந்தப் பச்சைக் கதவு வீட்டை மட்டும் நாலஞ்சு தடவை எடுத்தீங்களே, அது நம்ம வீடுதான். பூட்டல. நான் உள்ளதான் இருந்தேன். ஜன்னல் வழியா உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஊர்ல புது முகத்தைப் பாத்தா ஓடி வந்து பேசணும்னுதான் தோணும். ஆனா வாசலை விட்டு எறங்குறதுக்கு எனக்கு ஒரு யோசனை. பழகிப் போச்சு.

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. தென்காசி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். இந்த பஸ் ஒரு ஊரை விடாது, உள்ள உள்ள நொழைஞ்சுதான் போவும்.

மெட்ராஸா? கம்ப்யூட்டர் வேலையா? சரி. சும்மா கெடக்கற வீடு, சல்லிசா வரும், கொஞ்சம் செலவு பண்ணிச் சரியாக்கி வித்தா நல்ல லாபம், விக்காட்டி லீவுக்கு வாறவங்களுக்கு வாடகைக்கு விடலாம். அதான? நீங்க சொல்லவே வேண்டாம், வரிசையா நானே சொல்லிருவேன். நானும் அதே யோசனையில வந்தவன்தான்.

என் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில இருவத்தஞ்சு வருசம் மிக்சி, கிரைண்டர், பேன் விக்கிற கடை வச்சிருந்தேன். பொறவு ஜனங்க கடைக்கு வந்து, பொருளைத் தொட்டுப் பாத்துட்டு, வீட்டுக்குப் போயி செல்லுல ஆர்டர் போட ஆரம்பிச்சிட்டாங்க. நீங்களும் அப்படித்தான் வாங்குவீங்க, தப்பாச் சொல்லல. கடையை மூடிட்டேன். எங்களுக்குப் பிள்ளை கெடையாது. நானும் வீட்டுக்காரி உலகம்மையும்தான். சும்மா இருக்க முடியல தம்பி. மூளை இருக்கறவன் சும்மா இருக்க முடியாது பாருங்க.

அப்பத்தான் மாசிலாமணின்னு ஒரு புரோக்கர் வந்தாரு. "அண்ணாச்சி, நொச்சிகுளத்துல அறுவது வீடு. அதுல அம்பது பூட்டிக் கெடக்கு. கொளத்துல தண்ணி இல்ல, விவசாயம் போச்சு, ஜனமெல்லாம் திருப்பூரு, பம்பாய்னு போயிட்டு. எவனாவது வாங்கிக்கிட்டா போதும்னு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அந்தப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. அதுக்குப் பொறவு நீங்க வச்சதுதான் வெலை"ன்னாரு.

ரோடா? இன்னும் வரல. வரும். வரும்னுதான் சொல்லுதாங்க.

மொதல்ல சின்னதா ரெண்டு வீடு வாங்கினேன். ரெண்டும் இன்னும் கூரை இடிஞ்சு அப்படியே கெடக்கு, அதை விடுங்க. மூணாவதுதான் இந்தப் பச்சைக் கதவு. பாத்த ஒடனே எனக்குப் பிடிச்சுப் போச்சு. முன்னால பெரிய பட்டாசல், உங்க ஊர்ல ஹாலும்பாங்களே அது, ரெண்டு பக்கமும் ரூம்பு, ஓட்டுக் கூரை, தேக்கு உத்திரம். பின்னால பொறவு சேத்துக் கட்டுன அடுக்களையும் ஒரு ரூம்பும், அது காங்கிரீட்டு. பின்வாசலைத் தாண்டினா கிணறு. ஊர்ல எல்லாக் கிணறும் வத்தினாலும் அந்தக் கிணத்துல இன்னும் தண்ணி கெடக்கு. நீங்க வெளிய இருந்துதான பாத்தீங்க? உள்ள பாத்தா விடமாட்டீங்க.

பம்பாய்ல இருக்கற அய்யம்பெருமாள், நாராயணன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு அது சொந்தம். அப்பன் கட்டுன வீடு. மாசிலாமணி எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியா வெத்தலையைத் துப்பிட்டு வந்து சொன்னாரு. "தங்கச்சி ஒண்ணு உண்டு அண்ணாச்சி. முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு லாரி டிரைவரோட போயிட்டு. வேற ஆளுக. இவங்க தல முழுகிட்டாங்க. வாரிசு சர்ட்டிபிகேட்ல அது பேரே கெடையாது."

"அப்பம் பிரச்சினை ஒண்ணும் வராதே?"

"பிரச்சினை வரும்னு பயப்படுதவங்க வாங்காமப் போனதுனாலதான் அண்ணாச்சி உங்களுக்கு இந்த வெலை."

அந்தப் பதில் எனக்குப் பிடிச்சிருந்தது. தெரியாம வாங்கிட்டேன்னு நான் என்னைக்கும் சொன்னது கெடையாது தம்பி. தெரிஞ்சுதான் வாங்கினேன். ஆனா தெரிஞ்சு என்ன? முப்பது வருசமா வராத பொம்பள இனிமேயா வரப்போறான்னு எந்த மனுசனும் நெனைப்பான். நீங்க நெனைக்க மாட்டீங்களா?

வாங்கறதுக்குக் கையில இருந்தது பத்தல. அதனால பாளையங்கோட்டை வீட்டை வித்தேன். அது எங்க மாமனார் கட்டுனது, உலகம்மை பேர்லதான் இருந்தது. ஆனா ஒரு வார்த்தை எதுத்துப் பேசல அவ. பத்திர ஆபீஸ்ல காட்டுன எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டா. ரெண்டு நாள் பேசாம இருந்தா, அவ்வளவுதான். அவ பொதுவாவே பேச்சுக் கம்மி. "ஒரே வருசம் ஏட்டி, நல்ல வெலைக்கு வித்துட்டு ஒனக்கு இதைவிடப் பெரிய வீடா வாங்கித் தாறேன்"னு சொன்னேன். "சரி"ன்னா. நல்ல மனசோடதான் சொன்னா.

கொத்தனாரைக் கூட்டிக்கிட்டு மொத நாள் போறேன். பூட்டைத் தெறந்து பட்டாசலுக்குள்ள நொழையறேன், பின்னால கிணத்துல வாளி விழுற சத்தம் கேக்கு. போய்ப் பாத்தா ஒரு பொம்பள தண்ணி எறைக்கா. அம்பது, அம்பத்தஞ்சு வயசிருக்கும். அடுக்களையில அடுப்பு எரியுது. கதவு ஓரத்துல ஒரு டிரங்குப் பொட்டி.

"யாரும்மா நீ? எப்படி உள்ள வந்த?"

அவ வாளியைக் கீழ வச்சிட்டு, சேலையை எறக்கி விட்டுக்கிட்டு, மரியாதையாத்தான் பேசினா. "நான் வடிவு, அண்ணாச்சி. அய்யம்பெருமாள் தங்கச்சி. பின்வாசல் சாவி எங்கிட்ட ஒண்ணு உண்டு. எங்கம்மை சாகறதுக்கு முன்னால ஆஸ்பத்திரியில வச்சு, இவனுவளுக்குத் தெரியாமக் குடுத்தா."

வீட்டை நான் வாங்கியாச்சுன்னேன். பத்திரத்தைக் காட்டினேன். அவ ஈரக் கையைத் தொடச்சிட்டு வாங்கி, ஒரு பக்கம் விடாம முழுசும் படிச்சா. திருப்பிக் குடுத்தா. "இதுல என் பேரு எங்கயும் இல்லியே அண்ணாச்சி"ன்னா.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

"நான் சொல்லுதது வேற"ன்னா.

அண்ணாச்சி, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவா, கடைசி வரைக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவ புருசன் செத்து ரெண்டு வருசம் ஆயிருந்தது. கோயம்புத்தூர்ல ஒரு லேடீஸ் ஆஸ்டல்ல சமையல் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரே மகன், அவன் மாமனார் வீட்டோட போயிட்டான். அண்ணன்மாரு வீட்டை வித்த சேதி எப்படியோ காதுல விழுந்து கெளம்பி வந்துட்டா. நான் ரெண்டு தடவை பேசிப் பாத்தேன். ஒரு தொகை வாங்கிட்டுப் போயிருன்னேன். நியாயமான தொகைதான். "வாங்கிட்டு எங்க அண்ணாச்சி போக?"ன்னு கேட்டா. அதுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல? அது என் வேலையா?

போலீஸ் ஸ்டேஷன்ல இது சிவில் கேஸு, கோர்ட்டுக்குப் போங்கன்னாங்க. எனக்கு முன்னால அவளே போயிட்டா. கேஸு முடியற வரைக்கும் யாரும் விக்கக் கூடாது, யாரும் யாரையும் வெளியேத்தக் கூடாது, இருக்கறது இருக்கறபடியே இருக்கணும்னு உத்தரவாயிட்டு. என் வக்கீலு தனித்துக் கூப்பிட்டுச் சொன்னாரு: "வே, நீரு அந்த வீட்டை விட்டு எறங்காதேயும். எவன் குடியிருக்கானோ அவன் கைதான் மேல. நீரு ஒரு வாரம் பூட்டிட்டுப் போனீருன்னா அவ முன்வாசலுக்கும் பூட்டு மாட்டிருவா."

பாளையங்கோட்டை வீடு போச்சு, வாடகை வீடு எடுக்கறதுலயும் அர்த்தம் இல்ல. சாமான் சட்டெல்லாம் ஏத்திக்கிட்டு நானும் உலகம்மையும் நொச்சிகுளத்துக்கே குடி வந்துட்டோம். பட்டாசலும் முன் ரூம்பும் நாங்க. அடுக்களையும் பின் ரூம்பும் அவ. நடுக் கதவுக்கு ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள். நான் என் பக்கம் போட்டேன், அவ அவ பக்கம் போட்டா.

இப்பம் கேளுங்க கூத்தை. கரண்டு மீட்டர் முன்னால, என் பக்கம். கிணறு பின்னால, அவ பக்கம். மொத வாரமே நான் அவ பக்கத்துப் பியூஸைப் புடுங்கிட்டேன். வக்கீல்தான் சொன்னாரு. ஐப்பசிப் புழுக்கத்துல காத்தாடி இல்லாம எத்தனை நாளைக்கு இருப்பான்னு பாத்தேன். அவ சண்டைக்கு வரல. மறுநா காலையில உலகம்மை கொடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டைச் சுத்திப் பின்னால போறா, கிணத்து மேல பலகையைப் போட்டுப் பூட்டி வச்சிருக்கா வடிவு. தெருக் கொழாயில தண்ணி வந்து அஞ்சு வருசம் ஆச்சு அந்த ஊர்ல. ரெண்டு நாள் பாத்தோம். மூணா நாளு உலகம்மை எங்கிட்ட ஒண்ணும் சொல்லாம ஸ்டூலைப் போட்டு ஏறிப் பியூஸை மாட்டினா. கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா. நெறைகொடமா வந்தா.

அதோட அவளை நானே அந்தப் பக்கம் போகச் சொன்னேன். தண்ணி எடுக்கப் போற சாக்குல பேச்சுக் குடு, என்ன யோசனையில இருக்கான்னு தெரிஞ்சுக்கோ, வந்து சொல்லுன்னேன். நம்ம ஆளை உள்ள விடறது நல்லதுதான? அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். மொதல்ல தண்ணி எடுக்கப் போனா. பொறவு அரைக்கப் போனா. பொறவு ரெண்டு வீட்டுக்கும் சேத்து அங்கயே உலை வச்சா. "என்ன சொன்னா?"ன்னு தெனமும் கேப்பேன். "ரசத்துக்கு மொளகு கூடப் போடச் சொன்னா"ம்பா. "வேற?" "வேற ஒண்ணும் இல்ல"ம்பா. சிரிப்புச் சத்தம் மட்டும் நடுக் கதவு வழியா கேக்கும். என் பொஞ்சாதி அப்படிச் சத்தமாச் சிரிப்பாங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும்.

வடிவு அவளை மதினிம்பா. இவ அவளை வடிவும்பா. ஒருநாள் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒட்டுக் கேக்கல, தண்ணி கேக்கப் போனேன். வடிவு கேக்கா: "மதினி, ஒங்க சொந்த வீட்டை எதுக்கு வித்தீங்க?" இவ, "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்"ன்னா. அதுல என்ன தப்பு இருக்கு? நடந்ததுதான் அது.

மழை பிடிச்சது. பத்து வருசத்துக்குப் பொறவு அப்படி ஒரு மழைன்னு சொன்னாங்க. ஓட்டுக் கூரை ஒழுக ஆரம்பிச்சிட்டு. மொதல்ல ஒரு எடம், பொறவு நாலு எடம், பொறவு ஒழுகாத எடம் எதுன்னு தேடணும். ஓடு மாத்தலாம்னா உத்தரவு இருக்கு, அவ சம்மதிக்கணும். அவ என்ன பண்ணா தெரியுமா? ஒரு பேப்பர்ல, "அண்ணாச்சி கூரையைச் சரி பண்ணிக்கிட எனக்குச் சம்மதம்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு, உலகம்மை கையில குடுத்து விட்டா. நான் வக்கீலுக்குப் போன் பண்ணேன். "வாங்கிராதேயும் வே! அதை நீரு கையில வாங்கினா, சம்மதம் சொல்ல அவளுக்கு உரிமை இருக்குன்னு நீரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்"ன்னாரு. எவ்வளவு பெரிய நுணுக்கம் பாருங்க. நான் வாங்கல.

உலகம்மை அந்தப் பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு நிக்கா. மேல இருந்து சொட்டுச் சொட்டா அவ தோள்ல விழுது. "இந்தப் பேப்பரை வாங்கினா ஓடு மாத்தலாம். அப்படித்தானங்க?"

"அப்படி இல்லட்டி. சட்டம் ஒனக்குப் புரியாது."

"நனையுறது புரியுதுல்லா"ன்னா.

அன்னைக்கு மத்தியானமே பாயைச் சுருட்டினா, தலகாணியை எடுத்தா, நடுக் கதவைத் தட்டினா. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் தெறந்தது. போயிட்டா. சாப்பாடு மட்டும் மூணு வேளையும் கதவு வழியா வரும். நான் மூலையில ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி அதுக்கடியில கட்டிலைப் போட்டு இருந்தேன். மழை எத்தனை நாளைக்கு? நிக்கத்தான செய்யும்னு இருந்தேன். மழை நின்னுட்டு. அவ திரும்பி வரல. "அங்க காத்தோட்டமா இருக்கு"ன்னா.

இந்த பஸ்ஸை இங்க ரொம்ப நேரம் போட்டுருவாங்க, டிரைவர் டீ குடிக்கப் போவாரு. நீங்க குடிக்கீங்களா? வேண்டாமா? சரி.

கார்த்திகை மாசம் வடிவுக்குக் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் இல்ல, ரத்தத்துல அணு கொறையற காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. கூட இருந்து பாக்க ஆள் இல்ல. உலகம்மை போயிட்டா. எங்கிட்ட கேக்கல, சொன்னா. "நான் வடிவு கூடப் போறேன். சோறு வடிச்சு வச்சிருக்கேன். நாளையில இருந்து நீங்க பாத்துக்கோங்க"ன்னு.

வக்கீலுக்குச் சேதி போயிட்டு. நான்தான் சொன்னேன், கேஸுன்னா வக்கீலுகிட்ட சொல்லாம இருக்க முடியுமா? அவரு குரலே மாறிப் போச்சு. "வே ஆவுடையப்பன், இதான் சமயம். அவ சாமானை எடுத்து வெளிய வையும். பின்வாசலுக்குப் புதுப் பூட்டு ஒண்ணு மாட்டும். அவளாக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கிடலாம். சாட்சிக்கு அந்த ஊர்ல நாயி கூடக் கெடையாது."

ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். ஒரேடியா இரக்கம் இல்லாதவன்னு நெனைக்காதீங்க. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன். எங்களுக்கும் வேற போக்கிடம் கெடையாது பாருங்க. அவளுக்காவது கோயம்புத்தூர்ல ஒரு வேலை இருந்தது.

நான் சோறு எடுக்கறதுக்காக உலகம்மை அந்தப் பக்கத் தாழ்ப்பாளைப் போடாமப் போயிருந்தா; நடுக் கதவைத் தெறந்துக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். குடி வந்த நாள்ல இருந்து அதுதான் மொத தடவை. அடுக்களை சுத்தமா இருந்தது. ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்தியிருந்தது. ரூம்புல ஒரு கொடி. கொடியில நாலு சேலை, ரெண்டு பாவாடை, ஒரு துண்டு. கீழ ரெண்டு பாய். டிரங்குப் பொட்டியைத் தெறந்தா அதுலயும் சேலை மடிச்சு வச்சிருக்கு. நான் வடிவோட சாமானை மட்டும் எடுத்து வெளிய வைக்கணும். கொடிகிட்ட நிக்கேன். ஒரு சேலையை எடுக்கேன், காப்பித் தூள் கலரு. இது உலகம்மை கட்டிப் பாத்திருக்கேனா? பச்சையில பூப் போட்டது ஒண்ணு. இது அவளோடதா? எனக்குத் தெரியல தம்பி. கல்யாணம் ஆகி இருவத்தொம்பது வருசம். ரெண்டு பேரும் கடைச் சேலைதான் கட்டுதாங்க, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்குன்னு ஆம்பளைக்கு எப்படித் தெரியும்?

போன் பண்ணேன்.

"ஏட்டி உலகு, கொடியில கெடக்கறதுல ஒன் சேலை எது?"

"எதுக்கு?"ன்னா.

ஆஸ்பத்திரிச் சத்தம் கேக்கு, யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுதாங்க. பொறவு அவளே சொன்னா: "எல்லாம் வடிவோடதுன்னே வச்சிக்கோங்க. தூக்கி வெளிய போடுங்க."

போனை வச்சிட்டா.

அவ சம்மதிச்சதாத்தான் நான் எடுத்துக்கிட்டேன். வாயால சொன்னாள்லா? எல்லாத்தையும் ஒரு கோணிச் சாக்குல அடைச்சேன். பொட்டியை மேல வச்சேன். மழைத் தண்ணி படாம நல்ல எடமாப் பாத்துத்தான் வச்சேன், அதையும் சொல்லிருதேன். பின்வாசலுக்குப் புதுப் பூட்டு.

ஆறாம் நாளு ஆட்டோவுல வந்தாங்க. வடிவு பாதியா எளைச்சிருந்தா. எறங்கினவ சாக்கைப் பாத்தா, பூட்டைப் பாத்தா, சத்தம் போடுவான்னு எதிர்பாத்தேன், அப்படியே கிணத்துச் சுவர்ல உக்காந்துட்டா. நான் சுத்திக்கிட்டு முன்னால வந்து பச்சைக் கதவை அகலத் தெறந்து வச்சேன். "உலகு, நீ உள்ள வா"ன்னேன். அவ வாசல் வரைக்கும் வந்தா. படியில கால் வைக்கல. என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. கோவம்னு சொல்ல முடியாது. தூரத்துல வாற பஸ்ஸு நம்ம ஊரு பஸ்ஸா இல்லையான்னு பாப்போம்லா, அப்படி.

"சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

"சாப்பிட்டேன்."

"சரி"ன்னா.

திரும்பிப் போயி, சாக்கை ஆட்டோவுல ஏத்தினா, பொட்டியை ஏத்தினா, வடிவைக் கையப் புடிச்சு எழுப்பி உக்கார வச்சா. அவளும் ஏறிட்டா. ஆட்டோ போயிட்டு. நான் ஓடிப் போயி மறிச்சிருப்பேன். ஆனா முன்கதவு தெறந்து கெடக்கு பாருங்க, வீட்டைத் தெறந்து போட்டுட்டு எப்படிப் போவேன்?

இப்பம் ரெண்டு பேரும் கோயம்புத்தூர்ல அதே ஆஸ்டல்ல சமைக்காங்க. ஒரே ரூம்புல தங்கியிருக்காங்கன்னு கேள்வி.

இங்க முழு வீடும் என் கையில. முன்வாசலையும் நான்தான் தெறக்கேன், பின்வாசலையும் நான்தான் தெறக்கேன். ஓடு மாத்திட்டேன். கரண்டும் என்னுது, தண்ணியும் என்னுது. ஒரு வருசம் ஆச்சு. வக்கீலு விட்டு எறங்காதேயும்னு சொன்னதை இன்னைக்கு வரைக்கும் மீறல. அக்கா மக கல்யாணத்துக்குப் போகல. கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரு செத்துப் போனாரு, இருவது வருசப் பழக்கம், துட்டிக்குப் போகல. கோயம்புத்தூருக்கும்தான் போகல. ரெண்டு நாள் ஆவும் போய் வர, வீட்டை யாரு பாக்க? கோர்ட்டுக்கு வாய்தா இருந்தா மட்டும் ரெண்டு பூட்டையும் இழுத்துப் பாத்துட்டு இந்த பஸ்ஸைப் பிடிப்பேன். இன்னைக்கு வாய்தாதான். அதான் சலவைச் சட்டை.

சாட்சிக்கு ஆள் இல்லைன்னு வக்கீலு சொன்னாரு, சொன்னேன்ல? வடிவு தரப்புல மொத சாட்சி யாருன்னு நெனைக்கீங்க? உலகம்மை. கூண்டுல ஏறி நின்னு, நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னா. பியூஸைப் புடுங்குனது, பேப்பரை வாங்காதது, சேலை எதுன்னு போன்ல கேட்டது. பேச்சுக் கம்மியான பொம்பளைன்னு சொன்னேனே, முக்கா மணி நேரம் பேசினா தம்பி. நான் அவ பேசி அவ்வளவு நேரம் கேட்டது அன்னைக்குத்தான். என் வக்கீலு குறுக்க எழுந்து, "புருசனுக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கீங்களா?"ன்னாரு. "நான் யாருக்கும் எதிரா வரல. நடந்ததைச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்"ன்னா. அவரு உக்காந்துட்டாரு.

அதுக்குப் பொறவு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வாய்தா. ரெண்டு பேரும் கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறி விடியக்காலம் வந்து எறங்குவாங்க. நான் எதுத்தாப்ல இருக்கற டீக்கடையில நிப்பேன். மொத ரெண்டு வாய்தா அவ என் பக்கமே திரும்பல. மூணாவதுல டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சா. போன வாய்தாவுல ஒரு பேப்பரைக் கொண்டு வந்தா. வடிவு சமாதானத்துக்கு வந்துட்டாளாம். இனிமே அந்த வீட்டுல குடியிருக்க அவளுக்கு மனசு இல்லையாம். வித்துட்டு அவ பங்கைக் குடுத்தாப் போதுமாம். ரெண்டு அண்ணன்மாரும்கூட ஒத்துக்கிட்டாங்க. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

"போட்டுருங்க. அவளும் அலையுதா, நீங்களும் அந்த வீட்டுக்குள்ள கெடந்து சீரழியுதீங்க"ன்னா. ஒரு வருசத்துல எங்கிட்ட அவ பேசின நீளமான பேச்சு அது.

"போட்டா முடிஞ்சிருமா?"ன்னேன்.

"முடிஞ்சிரும். அதுக்கப்புறம் யாரும் இங்க வரவேண்டாம்."

நல்ல பேப்பர்தான். நான் படிச்சுப் பாத்தேன். ஒரு வில்லங்கமும் இல்ல. யோசிக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடறது புத்திசாலித்தனம் இல்ல தம்பி. போட்டவங்க என்ன ஆனாங்கன்னு பாத்திருக்கேன். நீங்ககூட இப்பம் யோசிப்பீங்க, பெருசு கையெழுத்துப் போட்டா அந்தப் பச்சைக் கதவு வீட்டை நாமளே வாங்கிக்கிடலாமேன்னு. உங்களுக்குப் பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியுது. கேளுங்க, வேற நாப்பது வீடு இருக்கு அங்க. மாசிலாமணி நம்பர் வேணும்னா தாறேன்.

நேத்து வக்கீலுக்குப் போன் பண்ணேன். நாளைக்கு எனக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு மனுப் போட்டு வாய்தா வாங்கும்னேன். "வே, மூணு தடவை வாங்கியாச்சு. சமாதானமாப் போற கேஸுல எவனாவது வாய்தா கேப்பானா?"ன்னு சத்தம் போட்டாரு. வாங்கித்தான் ஆவணும்னேன். எந்த மாசம் கேக்கன்னாரு. மார்கழி வேண்டாம், ராத்திரி பஸ்ஸுல குளிரும், அவ்வளவு தூரம் உக்காந்து வரணும், தை பொறந்து ஒரு தேதியாக் கேளும்னேன்.

"நீரு கேஸு நடத்துதீரா, என்னவே நடத்துதீரு?"ன்னாரு.

வக்கீலுக்கு எல்லாத்தையும் வெளக்கிக்கிட்டு இருக்க முடியுமா?

அந்தா, கோர்ட்டு வந்துட்டு. நான் இங்கயே எறங்கிருதேன், நீங்க பஸ் ஸ்டாண்டுல எறங்குங்க. கண்டக்டர், ஆள் எறங்கணும், ஒரு நிமிசம்... தம்பி, செத்த அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சொல்லுங்க, எனக்குத் தூரப் பார்வை மங்கல். டீக்கடைகிட்ட ரெண்டு பொம்பளைங்க நிக்காங்களா? ரெண்டு பேரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, ரெண்டு பேரும் வந்திருக்காங்களா, இல்ல வடிவு மட்டுந்தானா?